கேட்டமரானின் ஒப்பனை அறை

சத்தம் போடாமல் வாருங்கள். தேவிபட்டினத்தில், நவபாஷாணத்துக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆங்கிலச் சொல் வேஷம் கலைத்துக்கொண்டிருக்கிறது. எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடலாம்.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. தினமும் ஐந்து ஆங்கிலச் சொல், பொருள், சொந்தமாக ஒரு வாக்கியம். இதுதான் டியூஷன் பாடம். அன்றைக்கு நாலாவது சொல் கேட்டமரான். அகராதியைப் பார்த்து, ‘இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்த படகு’ என்று எழுதிவிட்டு வாய்விட்டு உருப்போட்டாள். கடைசி ‘ரான்’ மேல் ஒரு அழுத்தம் வேறு.

கிழிந்த வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “கட்டுமரம்னு நல்லாத்தான் சொல்லேன். ஏன் மூக்கால சொல்ற?”

“தாத்தா, இது இங்கிலீஷ் வேர்டு!”

அவர் பதில் சொல்லவில்லை. அடுப்படிக்குள் போய் நாலு முருங்கைக்காயோடு வந்தார். பக்கம் பக்கமாக அடுக்கி, முனையில் ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று, நைலான் நூலால் இறுக்கினார். “ஆணி கிடையாது. கயிறுதான். இடுக்கு வழியா தண்ணி வரும், இடுக்கு வழியாவே போயிரும். மொண்டு ஊத்துற வேலையே இல்ல. கரைக்கு வந்ததும் அவுத்து மணல்ல காயப் போட்ரணும். இல்லேன்னா மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப்போகும்.” இளவட்டத்தில் நாகப்பட்டினம் பக்கம் தொழிலுக்குப் போனவர் அவர்.

“ரெண்டு படகு எங்க தாத்தா?”

“எந்த ரெண்டு படகு?”

இங்கேதான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆங்கிலக் கப்பலில் ஏறிப்போன நம் ஊர்ச் சொல் அங்கே என்னவெல்லாம் ஆட்டம் போட்டிருக்கிறது, தெரியுமா? கடற்கொள்ளைக்காரர்களோடு சுற்றிய வில்லியம் டாம்பியர், 1697இல் அச்சான தன் பயண நூலில் இதை எழுதுகிறார். சோழமண்டலக் கரையில் அவர் சொல்வது, ஒற்றை ஆள் ஏறுகிற துக்குணி மிதவை. ஏறியவனுக்குக் காலும் பின்பக்கமும் எப்போதும் தண்ணீருக்குள்! 1804இல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் மேல் பிரிட்டிஷ் கடற்படை ஏவிய வெடிப்பெட்டிகளுக்கும் இதே பெயர். உள்ளே வெடிமருந்து, கடிகார இயந்திரம். ராபர்ட் ஃபுல்டனின் கைவேலை. பெரிதாக ஒன்றும் வெடித்துக் கிழிக்கவில்லை என்பது வேறு கதை. பழைய ஆங்கில அகராதிகளில் சண்டைக்காரிக்கும் கேட்டமரான் என்று பெயர் உண்டு. ‘கேட்’ என்றதும் பூனை பிறாண்டுகிற நினைப்பு வந்திருக்கும் என்பது என் ஊகம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

ரெட்டைப் படகு? அது பசிபிக் தீவுக்காரர்களின் கலை. 1876இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்ற ரெட்டைப் படகோடு நியூயார்க் போட்டியில் இறங்கி, மற்ற பாய்மரங்களை முந்திப்போனார். ‘இதெல்லாம் சேர்த்தியில்லை’ என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆனால், அந்த வகைப் படகுக்கு நம் பெயர் ஒட்டிக்கொண்டது. பேர் சோழமண்டலத்துது, உடம்பு பசிபிக்கோடது. பாய்மரக்காரர்கள் செல்லமாக ‘கேட்’ என்றே கூப்பிடுகிறார்கள். மரத்தை உதிர்த்துவிட்டுக் கட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். படகிலோ இரண்டுமே இல்லை, எல்லாம் ஃபைபர்! சொல்லின் பூர்வீகத்தையும் வெள்ளைக்காரர்கள் மறைக்கவில்லை. 1886இல் வந்த ஹாப்சன்–ஜாப்சன் அகராதி, கட்டு, மரம் என்று அழகாகப் பிரித்தே காட்டுகிறது.

“அப்ப நம்ம ஊர்க் கரையில ஏன் ஒண்ணுகூடக் காணோம்?” என்றாள். நல்ல கேள்வி.

“கடலுக்குள்ள இறங்கி நடந்தே ஒன்பது கல்லைச் சுத்திட்டு வர்றாங்கல்ல, அவ்வளவு அடங்கின கடல் இது. இங்க வத்தையும் வள்ளமும் போதும். அலை ஆளை அடிச்சுப் புரட்டுற கரைக்குத்தான் கட்டுமரம். அது கவுந்தாலும் முங்காது.”

பாக் விரிகுடாவின் குணத்தை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லி நான் படித்ததில்லை.

பொருள் முடிந்தது, வாக்கியம் பாக்கி. ‘என் தாத்தா ஒரு கேட்டமரான் கட்டினார்’ என்று தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனவள் நடுவழியில் நின்றாள். “சித்தி, பில்ட் போடவா, டை போடவா?”

நான் முழித்தேன். வீடு கட்டினாலும் கட்டுதான், கயிறு கட்டினாலும் கட்டுதான் நமக்கு. ஆங்கிலத்தில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ‘பில்ட்’ போட்டால் டிக் விழும். ‘டை’ போட்டால் சிவப்பு மையால் அடித்தாலும் அடிப்பார்கள். ஆனால், சொல் பிறந்ததே அந்த முடிச்சில்தான். பென்சிலைக் கடித்துக்கொண்டே தாத்தாவைப் பார்த்தாள்.

“நான் என்ன பண்ணுனேன்?” என்றார் அவர், நூல் முனையைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

‘டை’ என்றே எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: “சாம்பாருக்கு எடுத்து வச்ச முருங்கைக்காய் எங்கடி?”

கட்டுமரம் அவிழ்க்கப்பட்டது.