பெயிண்டிங் தொழிலுக்கு கம்ப்ரெஸர் வாங்கும் முன்

வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதிகளில் டிங்கரிங், பெயிண்டிங் பழகிய நம் பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது, விலையை மட்டும் பார்த்து 1 ஹெச்.பி. கம்ப்ரெஸரை வாங்கிவிடுகிறார்கள். ஒரு கதவை அடித்து முடிப்பதற்குள் காற்று இறங்கிவிடும். பெயிண்ட் ஆரஞ்சுத் தோல் போலப் படியும். மறுபடி தேய்த்து அடிக்கும் செலவு நம் தலையில்தான்.

ஹெச்.பி.யையும் டேங்க் அளவையும் விட, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே வருகிறது என்பதே முக்கியம். கடையில் ‘எஃப்.ஏ.டி. எவ்வளவு?’ என்று கேளுங்கள். ஸ்ப்ரே கன்னுக்கு 8 கன அடி தேவையென்றால், கம்ப்ரெஸர் 10 தர வேண்டும்.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு வாட்டர் செப்பரேட்டர் அவசியம். டேங்க் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்கள். பழையது வாங்கினால் டேங்கின் அடியில் துரு இருக்கிறதா, சேஃப்டி வால்வு வேலை செய்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்த டேங்க் வெடிக்கக்கூடும்; எவ்வளவு மலிவானாலும் அது வேண்டாம்.