டெங்குக் காய்ச்சலும் குருதிச் சுற்றோட்டமும்

நோய் என்பது உடலின் இயல்பான தொழிற்பாடு குழம்பிய நிலை என எழுதிவிடுவது எளிது. எந்தத் தொழிற்பாடு, எவ்விடத்தில், எவ்வாறு குழம்புகிறது என விளக்கும்படி கேட்டால்தான் பலர் தடுமாறுகின்றனர். எமது மாவட்டத்தில் எல்லோரும் அறிந்த டெங்கு நோயைக் கொண்டு இதனை நோக்குவோம்.

2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் டெங்கு நோயாளர் பதிவாகினர். 400 க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டின் முற்பகுதியில் திருகோணமலை மாவட்டத்தில், குறிப்பாகக் கிண்ணியாவில், நோய் கடுமையாகப் பரவியது. வடகீழ்ப் பருவமழையை அடுத்து வரும் மாதங்களில் இங்கு டெங்கு கூடுவது வழக்கம். சல்லி போன்ற கடலோரக் கிராமத்தில் மணல் நிலம் மழைநீரை உறிஞ்சிவிடும். ஆயினும் கரையில் இழுத்து வைத்த பழைய தோணி, சிரட்டை, யோகட் கோப்பை, மூடாத நீர்த்தாங்கி ஆகியவற்றில் தேங்கும் நீர் ஈடிசு நுளம்பு பெருகப் போதுமானது. பரவும் விதம் பற்றி இவ்வளவு போதும். உடலினுள் நடப்பதைப் பார்ப்போம்.

வைரசு புகுந்து 4 முதல் 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கும். வெண்குழியங்கள் வெளிவிடும் இரசாயனப் பொருள்கள் மூளையின் பரிவகக்கீழைத் தூண்ட, அது உடல் வெப்பநிலையின் இலக்கை 37 பாகை செல்சியசிலிருந்து 39 அல்லது 40 ஆக உயர்த்திவிடுகிறது. அப்போது 37 பாகையில் உள்ள உடல், தான் குளிர்ந்துவிட்டதாகவே நடந்துகொள்ளும். தோலின் குருதிக் குழாய்கள் ஒடுங்கும், தசைகள் நடுங்கும். எனவே காய்ச்சலின்போது வெப்பச் சீராக்கம் நின்றுவிடுவதில்லை. அது வேறோர் அளவுக்கு நடைபெறுகிறது. விடையில் இவ்வேறுபாட்டைக் காட்டுங்கள்.

பெரும்பாலும் 3 ஆம் நாளுக்கும் 7 ஆம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். "காய்ச்சல் விட்டிட்டுது" என்று வீட்டார் ஆறுதலடைவர். பலர் அத்துடன் குணமடைவதும் உண்மையே. ஆனால் ஒரு சிலரில் ஆபத்தான கட்டம் தொடங்குவது அப்போதுதான்.

குருதி மயிர்க்குழாயின் சுவர் ஒரேயொரு கலப்படையால் ஆனது என்பதை நினைவுகூர்க. நீர், குளுக்கோசு, ஒட்சிசன் போன்றவை அதனூடாகச் செல்லும். பருமனான புரத மூலக்கூறுகளோ பெரும்பாலும் உள்ளேயே தங்கும். அவ்வாறு தங்கும் புரதங்களே பிரசாரணத்தின் மூலம் நீரைக் குழாயினுள் பிடித்து வைக்கின்றன. கடுமையான டெங்குவில் இச்சுவரின் உட்புகவிடும் தன்மை கூடிவிடுகிறது. புரதம் வெளியேற, நீரும் அதனுடன் செல்கிறது. இவ்வாறு கசியும் திரவவிழையம் நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேர்கிறது. வெளியே ஒரு துளி குருதிகூடச் சிந்தாமலே சுற்றோட்டத்தில் உள்ள குருதியின் கனவளவு குறைந்துவிடுகிறது.

செங்குழியங்கள் கசிவதில்லை. ஆகவே எஞ்சிய குருதி தடிப்படைகிறது. குருதியில் செங்குழியங்களின் கனவளவு வீதத்தை (வைத்தியசாலையில் பீசீவி என்பர்) மீண்டும் மீண்டும் அளப்பது இதனாலேயே. அது முன்பிருந்த அளவிலும் 20 வீதம் உயர்ந்தால் கசிவு நடக்கிறது எனக் கொள்ளலாம்.

குறைந்த குருதியைக் கொண்டு மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற உடல் முயல்கிறது. இதயம் விரைவாகத் துடிக்கும். தோலின் குருதிக் குழாய்கள் ஒடுங்கிக் கைகால்கள் குளிரும். சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி குறைந்து சிறுநீர் அருகும். 120/80 ஆக இருந்த குருதியமுக்கம் 100/80 ஆகலாம். மேல் எண் அவ்வளவு தாழ்வாக இல்லையே என்று எண்ண வேண்டாம். இரு எண்களுக்கும் இடையிலான வித்தியாசம் 40 இலிருந்து 20 ஆகச் சுருங்கியிருப்பதே அதிர்ச்சி நிலையின் அறிகுறி. ஒருசீர்த்திடநிலையைப் பேணும் முயற்சி தன் எல்லையைத் தொட்டுவிட்டது. உரிய சிகிச்சை இல்லாவிடின் இழையங்களுக்கு ஒட்சிசன் போதாமற் போய் அங்கங்கள் செயலிழக்கும்.

ஊரில் எவருக்கும் டெங்கு என்றால் முதலில் கேட்பது குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையைத்தான். அது கன மில்லிமீற்றருக்கு 1,50,000 க்கு மேல் இருக்க வேண்டியது. டெங்குவில் மிகவும் குறையலாம். அதனால் குருதி உறைதல் பாதிக்கப்பட்டு முரசு, மூக்கு ஆகியவற்றில் குருதி கசியலாம். அசுப்பிரின், ஐபுபுரோபன் போன்ற மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வதும் இதனாலேயே. அவை சிறுதட்டுக்களின் தொழிற்பாட்டை மேலும் தடுக்கின்றன. எனினும் உயிருக்கு உடனடி ஆபத்து பெரும்பாலும் திரவவிழையக் கசிவினாலேயே வருகிறது. சிறுதட்டை மட்டும் எழுதும் விடை அரைகுறையானது.

டெங்கு வைரசில் 4 வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி, பின்னர் தொற்றும் வேறு வகையை அழிக்க இயலாது அதனுடன் இணைந்து, வைரசு வெண்குழியங்களுள் புக உதவிவிடலாம். இரண்டாம் முறை நோய் கடுமையாவதற்கு இது ஒரு காரணம்.

கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். பின்னர் கசிந்த பாய்பொருள் குருதிக்கே திரும்பும். ஆகவே நாளத்தினூடாகத் திரவத்தை அளந்தே ஏற்றுவர். அளவு மிஞ்சினால், அது திரும்பும் வேளையில் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சுத்திணறல் ஏற்படும்.

பயிற்சி வினா: ஒரு மாணவனின் காய்ச்சலின் 3 ஆம் நாளில் வெப்பநிலை 39.5 பாகை செல்சியசு, பீசீவி 40, சிறுதட்டுக்கள் 1,40,000. 5 ஆம் நாளில் அவை முறையே 37.2, 49, 45,000. அவனை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் எனத் தாய் கூறுகிறார்.
(அ) பீசீவி எத்தனை வீதத்தால் உயர்ந்துள்ளது?
(ஆ) தாயின் கூற்றை நீர் ஏற்காமைக்கு இரண்டு காரணங்கள் தருக.
(இ) அவனது நாடித்துடிப்பு கூடியிருக்கும் என எதிர்பார்ப்பது ஏன்?

குறிப்பு: (அ) 22.5 வீதம். (ஆ) வில் காய்ச்சல் இறங்கும் காலத்தையும் பீசீவி உயர்வையும் தொடர்புபடுத்துக. (இ) இல் குருதியின் கனவளவிலிருந்து தொடங்குக.