பட்டுப்புழுவும் ஒரு கட்டடக் கலைஞர்

உயிரினங்களோடு சேர்ந்து கட்டடம் கட்டுகிறார்களாமே, அது எப்படி என்று கோவையிலிருந்து கட்டடக்கலை மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பூஞ்சையைக் கொண்டு செங்கல் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் அத்தியின் வேர்களை ஆற்றுக்குக் குறுக்கே வளர்த்துப் பாலமாக்கும் காசி மக்கள் மேகாலயாவில் இருக்கிறார்கள். என் மனம் ஒட்டிக்கொண்டது பட்டுக் கூடாரத்தில். 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் நெரி ஆக்ஸ்மனின் குழு 6,500 பட்டுப்புழுக்களோடு சேர்ந்து அதை உருவாக்கியது.

புழு கூடு கட்டும் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கூடு கட்ட அதற்கு ஒரு மூலை வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நூலை மாட்டிக்கொள்ள ஓரளவு உயரமுள்ள பிடிமானம் இருந்தால்தான் கூடு உருவாகும். நம் பட்டு விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள். மூங்கில் தட்டின் மேல் மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிறுத்திச் செய்த சந்திரிகையில்தான் முதிர்ந்த புழுக்களை விடுவார்கள். ஒவ்வொரு புழுவும் பட்டைக்கு நடுவே தனக்கொரு இடம் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பிடிமானமே இல்லாத தட்டைப் பரப்பில் விட்டால்? புழு நூற்பதை நிறுத்துவதில்லை. தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி ஆட்டி, தன்னைச் சுற்றிக் கட்ட வேண்டிய நூலை விரிப்பாகப் பரப்பிவிடுகிறது. ஆக்ஸ்மன் குழு இந்த அசைவைப் படிக்கவே பெரும் சிரத்தை எடுத்துக்கொண்டது. புழுவின் தலையில் சின்னஞ்சிறு காந்தத்தை ஒட்டி, காந்தப்புல மாற்றங்களைக் கொண்டு தலை போன பாதையை முப்பரிமாணத்தில் பதிவு செய்தார்கள்.

பிறகு கணினி வழிநடத்திய இயந்திரம் 26 பலகோணச் சட்டங்களில் பட்டு நூலை இழுத்துக் கட்டியது. எங்கள் வீட்டுக்கு நாடாக் கட்டில் பின்ன வருபவர் முதலில் சட்டத்துக்குச் சட்டம் நாடாவை இழுத்துக் கட்டிவிட்டு, அதன் பிறகே குறுக்குப் பின்னலைத் தொடங்குவார். இங்கே இழுத்துக் கட்டியது இயந்திரம், பின்னியது புழு. கவிகை வடிவில் சேர்த்த சட்டங்களின் அடி விளிம்பில் புழுக்களை விட்டார்கள். வெளிச்சமும் வெப்பமும் மிகுந்த இடங்களை விட்டு விலகி, இருட்டாகவும் நூல் அடர்ந்தும் இருந்த இடங்களை அவை நாடின. எந்தப் பக்கம் அடர்த்தி, எந்தப் பக்கம் மென்மை என்பதில் வெயிலுக்கும் புழுவுக்கும் பங்கு கிடைத்தது.

இதில் என்னை நெகிழவைப்பது வேறொன்று. வழக்கமான பட்டுத் தொழிலில், அந்துப்பூச்சி கூட்டை உடைத்து வெளியே வந்தால் இழை அறுந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை வெப்பத்தில் கொன்றுவிட்டுத்தான் நூல் எடுக்கிறோம். விரிப்பாக நூற்ற புழுவோ நூலுக்கு வெளியிலேயே உருமாறியது. கூடாரத்தில் வேலை முடித்த புழுக்கள் அந்துப்பூச்சிகளாகி 15 லட்சம் முட்டைகள் வரை இடக்கூடும் என்று குழு கணக்கிட்டது. இன்னும் 250 கூடாரங்களுக்கு அது போதுமாம்.

இப்படி நூற்ற விரிப்பிலிருந்து புடவைக்கான நீண்ட இழை கிடைக்காது. கூடாரமும் குடியிருக்கும் வீடு இல்லை. இருந்தாலும், ஓர் உயிரின் பழக்கத்தை முதலில் பொறுமையாகக் கற்று, அதற்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொண்ட முறை விலைமதிப்பற்றது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புழு வளர்ப்பு மனைகளில் இந்த அறிவு அன்றாடம் புழங்குகிறது. அதைக் கட்டடக்கலைக் கல்லூரிகள் பாடமாக மதிக்க வேண்டும். ‘உயிர்களோடு சேர்ந்து’ என்று சொல்லிக்கொண்டு அவற்றைக் கூலியில்லா வேலையாட்களாக நடத்துவது எளிது. வேலை முடிந்தபின் அந்த உயிர் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் வரைபடத்திலேயே பதில் இருந்தால்தான் அதைக் கூட்டுமுயற்சி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.