பரிசோதனைப் பட்டியலில் இல்லாத உணவுக்குழாய்ப் புற்றுநோய்

புதுதில்லி: நாடாளுமன்றத்தில் புற்றுநோய் குறித்துக் கேள்வி எழும்போது, சுகாதார அமைச்சகம் வழக்கமாகத் தரும் பதில் ஒன்று உண்டு. 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று வகைப் புற்றுநோய்களுக்குப் பரிசோதனை நடத்தப்படுகிறது என்பதே அது. மற்ற மாநில உறுப்பினர்களுக்கு இது போதுமானதாகத் தோன்றலாம். மேகாலய உறுப்பினர்களுக்கு (இரு அவைகளிலும் சேர்த்து மூன்றே பேர்) அப்படித் தோன்ற நியாயமில்லை.

ஷில்லாங்கை உள்ளடக்கிய கிழக்கு காசி மலை மாவட்டத்தில்தான் உணவுக்குழாய்ப் புற்றுநோய் நாட்டிலேயே மிக அதிகம். 2020-ல் வெளியான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கையின்படி, 2012 முதல் 2016 வரையிலான காலத்தில் அங்கு ஆண்டுதோறும் வயதுக்கேற்பச் சரிசெய்த கணக்கில் லட்சம் ஆண்களில் சுமார் 75 பேரும், லட்சம் பெண்களில் சுமார் 34 பேரும் இந்நோய்க்கு ஆளாயினர். புகையிலையும், அங்கு விருந்தினருக்கு முதலில் நீட்டப்படும் பாக்கும் முக்கியக் காரணங்கள்.

இதற்கான அறுவைச் சிகிச்சை கடினமானது. உணவுக்குழாயை அகற்றி, இரைப்பையைக் குழாய் வடிவாக்கி மேலே இழுத்து இணைக்க வேண்டும். இதை அரிதாகச் செய்யும் அமெரிக்க மருத்துவமனைகளில் முதிய நோயாளிகளில் 100-க்கு 20 பேர் இறந்ததாகவும், அதிகமாகச் செய்யும் மருத்துவமனைகளில் அது 8 ஆகக் குறைந்ததாகவும் 2002-ல் வெளியான ஆய்வு கூறியது.

தொடக்க நிலையிலேயே கண்டறிந்தால் கதையே வேறு. நோய் உட்சவ்வோடு நின்றிருந்தால் நெஞ்சைத் திறக்காமல், எண்டோஸ்கோபி வழியாகவே பெரும்பாலும் அகற்றிவிடலாம். அதற்கு அடுத்த அடுக்கைத் தொட்டு, நிணநீர்க் கணுக்களை எட்டாத நிலையில் இருந்தோரை ஜப்பானில் ஆராய்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டனர். அறுவைச் சிகிச்சை பெற்றோரில் 86.5 சதவீதத்தினர் 5 ஆண்டுகளுக்குப் பின்னரும் உயிருடன் இருந்தனர். மருந்தும் கதிர்வீச்சும் மட்டும் பெற்றோரிலும் இது 85.5 சதவீதம்.

சிக்கல் என்னவெனில், தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. சோறு இறங்க மறுக்கும்போது மருத்துவரிடம் செல்வோருக்குக் கட்டி ஏற்கெனவே முற்றியிருக்கும். எனவே, நலமாக இருப்போரிடையேதான் தேட வேண்டும். சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் நோய் மிகுந்த கிராமங்களில் 40 வயதைக் கடந்தோருக்கு ஒரே ஒருமுறை எண்டோஸ்கோபி செய்ததில், 10 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் 5.05 சதவீதத்திலிருந்து 3.35 சதவீதமாகக் குறைந்தனர்.

நாடு முழுவதும் எண்டோஸ்கோபி செய்வது இயலாத காரியம், தேவையும் இல்லை. ஆனால், நோய் மிகுந்த சில மாவட்டங்களுக்கு அது இயலும். குவாஹாட்டியின் பரூவா புற்றுநோய் நிறுவனம் 2017-ல் டாடா நினைவு மையத்தின்கீழ் வந்தது. அசாமில் 2022-ல் ஒரே நாளில் 7 புற்றுநோய் மருத்துவமனைகள் திறக்கப்பட்டன. புற்றுநோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு அதே ஆண்டில் பரிந்துரைத்தது. மேகாலயத்தின் ஒரு மாவட்டத்துக்கென அந்தப் பரிசோதனைப் பட்டியலில் நான்காவது பெயரைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. அமைச்சகத்தின் உத்தரவும், எண்டோஸ்கோபி கருவிகளுக்கும் பயிற்சி பெற்ற மருத்துவர்களுக்கும் நிதியுமே தேவை.