கடனடிமை முறையும் பேரா மாநிலத்துப் போரும்

நம் ஊருக்குப் போர்ட் கிள்ளான் என்னும் பெயர் 1972ஆம் ஆண்டில்தான் வந்தது. 1901இல் துறைமுகம் திறக்கப்பட்டது முதல் அதுவரையில் இது போர்ட் சுவெட்டன்ஹாம் என்றே வழங்கி வந்தது. யார் அந்தச் சுவெட்டன்ஹாம்? 1875ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து ஓரிரவில், பேரா ஆற்றில் இருளோடு இருளாகப் படகில் வந்து உயிர் தப்பிய இளம் ஆங்கில அதிகாரியே அவர். அவரைத் துரத்திய அப்பெரும் பூசலின் காரணங்களுள் ஒன்று அடிமைத்தனம்.

அடிமைத்தனம் என்றதும் மாணவர்கள் அமெரிக்காவை நினைப்பர். அங்கே தென் மாநிலங்களில், பருத்திக் காடுகளிலும் பிற பண்ணைகளிலும், ஏறத்தாழ 40 லட்சம் கறுப்பின மக்கள் விலைப்பொருளாக வைக்கப்பட்டிருந்தனர். புதிதாகச் சேரும் நிலப்பகுதிகளில் இம்முறையை அனுமதிக்கலாமா என்ற வழக்கு முற்றி, 1861 முதல் 1865 வரை அந்நாடு இரண்டாகப் பிளந்து போரிட்டது. அதனை நூல்கள் பலவும் விரித்துரைக்கின்றன. நம் மண்ணில் நிகழ்ந்ததையோ நம்மில் பலர் அறியோம்.

பேராவில் இருந்தது பெரும்பாலும் கடனடிமை முறை. ஒருவர் தலைவர் ஒருவரிடம் கடன்படுகிறார். திருப்பித் தர இயலவில்லை. உடனே அவர் மனைவி மக்களோடு அத்தலைவரின் பணியாளர் ஆகிவிடுகிறார். வயலில் உழுதாலும் படகு வலித்தாலும் வீட்டு வேலை செய்தாலும், அவ்வுழைப்பில் ஒரு காசும் கடனில் கழிக்கப்படமாட்டாது. முழுத் தொகையையும் ஒருங்கே கொடுத்தால்தான் விடுதலை. கூலியே இல்லாதவர் அத்தொகைக்கு எங்கே போவார்? தந்தை இறந்தால் கடன் பிள்ளைகளின் தலையில் இறங்கும். ஒரு தலைவரின் பெருமையோ அவரைச் சூழ்ந்து நிற்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டே அளக்கப்பட்டது. ஆகவே கடனாளியை விடுவிப்பது அவருக்குப் பணநட்டம் மட்டுமன்று. மதிப்புக் குறைவும் ஆகும்.

1874ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ராஜா அப்துல்லா சுல்தானாக ஏற்கப்பட்டார். மலாய்க்காரரின் சமயமும் வழக்கமும் நீங்கலாக மற்றெல்லாவற்றிலும் ஆங்கில ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் ரெசிடெண்டாக வந்தவர் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச். இலங்கையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர், உழைப்பாளி, ஆயினும் பொறுமையற்றவர். கடனடிமை முறையை அவர் மனமார வெறுத்தார். தப்பியோடி வந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடைக்கலம் தந்தார். அவருக்கு அது மனிதநேயம். தலைவர்களுக்கோ, உடன்படிக்கை விலக்கி வைத்த வழக்கத்திலேயே அந்நியர் கைவைத்த செயல். இதனோடு, ஆற்று வழியே செல்லும் பொருள்களுக்குத் தலைவர்கள் வாங்கி வந்த வரியையும் பர்ச் பறிக்க முற்பட்டார். அடிமை, வரி, ஆட்சியுரிமை ஆகிய மூன்றும் ஒரே முடிச்சாயின. அடிமைகளுக்கு இரங்கியது ஒன்றே பர்ச்சின் முடிவுக்குக் காரணம் என்பாரும், வரியும் அதிகாரமுமே காரணம் என்பாரும் பாதி உண்மையையே சொல்கின்றனர் என்பது எம் கருத்து.

1875 நவம்பர் 2ஆம் நாள், பாசிர் சாலாக்கில் ஆற்றோரக் குளியலறையில் இருந்த பர்ச், டத்தோ மகாராஜா லேலாவின் ஆட்களால் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். ஆட்சி கைமாறியதை அறிவிக்கும் தாள்களை அவருடைய மொழிபெயர்ப்பாளர் அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருந்தார், அவரும் மாண்டார். அதே தாள்களோடு ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்றிருந்த சுவெட்டன்ஹாம்தான் தப்பினார். இந்தியாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் படைகள் வந்திறங்கின; கிராமங்கள் எரிந்தன. 1877 ஜனவரி 20ஆம் நாள் மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். பங்கோரில் கையெழுத்திட்ட அதே தேதி! சுல்தான் அப்துல்லா செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். இன்று மகாராஜா லேலா நாட்டுரிமைக்குப் போராடிய வீரராகப் போற்றப்படுகிறார்; கோலாலம்பூரில் பர்ச் சாலை என்றிருந்தது மகாராஜாலேலா சாலை ஆயிற்று.

சரி, இத்தனை உயிரிழப்புக்குப் பின் கடனடிமைகள் விடுதலை பெற்றனரா? இல்லை. போர் முடிந்த பின்னும் அம்முறை நீடித்தது. 1877இல் ரெசிடெண்டாக வந்த ஹியூ லோ, மலாய்த் தலைவர்களை மாநில மன்றத்தில் அருகில் அமர்த்தி, அவர்களோடு பேசிப் பேசி, மெல்ல மெல்ல இணங்க வைத்தார். 1883ஆம் ஆண்டின் இறுதியோடு பேராவில் அடிமை முறை ஒழிந்தது. வாளும் துப்பாக்கியும் செய்யாததைச் செய்து முடிக்க ஏறத்தாழ ஆறாண்டுப் பொறுமை தேவைப்பட்டது.

தோட்டத்துப் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடனடிமை ஒழிந்த அதே காலத்தில்தான் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோர் கப்பலேறி வந்துகொண்டிருந்தனர். கப்பற் செலவு அவர்கள் பெயரில் கடனாக எழுதப்பட்டுக் கூலியில் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. இதனை அடிமைத்தனம் என்று எவரும் சட்டத்தில் எழுதவில்லை. மலாயாவில் அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னரும் கங்காணி கொடுத்த முன்பணத்தோடு கப்பலேறியவர் பலர். நம் வீடுகளில் தாத்தா பாட்டியர் சொல்லும் பழங்கதைகளில் அந்த முன்பணக் கணக்கு வருகிறதா என்று மாணவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.