மஞ்சள் ஒயரும் சிவப்பு ஒயரும்

அக்கா மகன் ஒரு பழைய சின்ன கார் வாங்கியிருக்கிறான். பதினைந்து வயது வண்டி, ஓட்டம் சுத்தம். விற்றவர் பாட்டுப் பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கப்ளரை அழுத்தி இழுத்திருந்தால் கையோடு வந்திருக்கும். அந்தப் பொறுமையில்லாமல் ஒயர்களைக் கத்தரித்திருக்கிறார். டேஷ்போர்டு நடுவே ஒரு பொந்து, அதற்குள் பன்னிரண்டு ஒயர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, டீ டம்ளரோடு இருவரும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"மாமா, ஜி.பி. ரோட்ல ஒன்பது இஞ்ச் ஆண்ட்ராய்டு செட் காட்டுனாங்க. அதையே போட்டுடலாமா?"

முதலில் பொந்தை அளக்கச் சொன்னேன். 180க்கு 50 மில்லிமீட்டர். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பு வகுத்த அளவு இது. அந்த அமைப்பின் சுருக்கப் பெயர்தான் 'டின்'. சிங்கிள் டின் என்றால் இந்த உயரம். டபுள் டின் என்றால் அகலம் அதேதான், உயரம் 100. சிங்கிள் டின் பொந்தில் ஒன்பது இஞ்ச் திரையை ஏற்ற வேண்டுமென்றால் டேஷ்போர்டை அறுக்க வேண்டும், அல்லது திரை ஏசி துவாரத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். தவிர, மலிவான ஆண்ட்ராய்டு செட் எதுவும் எனக்குப் பிடித்ததில்லை. சாவி போட்டால் விழித்தெழவே நேரம் எடுத்துக்கொள்ளும். மதிய வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நமக்குத் தேவை சிடி இயந்திரம் இல்லாத சாதாரண செட். எஃப்.எம், யூஎஸ்பி, ப்ளூடூத், போதும். உள்ளே சுழலும் பாகம் இல்லாததால் ஆழம் குறைவு. பின்னால் ஒயரைத் திணிக்க இடம் கிடைக்கும். அந்த இடத்தின் அருமை செட்டை உள்ளே தள்ளும்போதுதான் தெரியும்.

அவன் வாங்கி வந்த அட்டைப் பெட்டியில் '4 x 60 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. ஆக 240 வாட். செட்டின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். அங்கே சொருகியிருந்த ஃப்யூஸ் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது மின்சாரம் ஏறக்குறைய 14 வோல்ட். பத்தைப் பதினான்கால் பெருக்கினால் 140. உள்ளே போவதே 140 வாட் என்றால் வெளியே 240 எங்கிருந்து வரும்? கணக்கு இன்னும் கறார். ஸ்பீக்கர் 4 ஓம். 14 வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு, தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாமல், ஒரு ஸ்பீக்கருக்குச் சிதறாமல் தரக்கூடியது இருபது வாட் சொச்சம்தான். பெரிய கம்பெனி செட்டுக்கும் இதே விதி. அதனால் அட்டை எண்ணைப் பார்த்து விலை கூட்டிக் கொடுக்காதே, இருபது வாட் இந்தச் சின்ன வண்டிக்குத் தாராளம் என்றேன். பெட்டியில் மிச்சம் பிடித்த காசை முன்கதவு ஸ்பீக்கரில் போடலாம். பதினைந்து வருட வெயிலில் காகிதக் கூம்பு மொறமொறத்துப் போயிருக்கும்.

இனி ஒயர். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, வெட்டிய நுனிகளை உரித்து, ஒன்றோடொன்று படாதபடி விரித்து வைத்தோம். பிறகு மைனஸை மாட்டி மல்டிமீட்டரை எடுத்தேன்.

செட்டோடு வரும் ஒயர்களின் நிறங்கள் பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொது. கறுப்பு எர்த். மஞ்சள், எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டிய ஒயர். சிவப்பு, சாவி திருகினால் மட்டும் மின்சாரம் வர வேண்டியது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா என்று நான்கு ஸ்பீக்கருக்கும் ஜோடி ஜோடியாக ஒயர். கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ஆனால் காருக்குள்ளிருந்து வரும் ஒயர்களுக்கு இந்த மரபு கிடையாது. காரின் மஞ்சளைச் செட்டின் மஞ்சளோடு கண்ணை மூடிக்கொண்டு முறுக்குகிறவர்கள் உண்டு. ஏர்பேக் உள்ள வண்டிகளில் மஞ்சள் உறையும் மஞ்சள் கப்ளரும் ஏர்பேக்கினுடையவை. அங்கே மீட்டர் முனையைக்கூடக் கொண்டு போகக் கூடாது.

சாவி இல்லாமலே 12 வோல்ட் காட்டிய ஒயர் ஒன்று கிடைத்தது, அது மஞ்சளுக்கு. சாவியை ஏசிசி வரை திருகியதும் உயிர் பெற்றது சிவப்புக்கு. பார்க்கிங் விளக்கைப் போட்டால் மட்டும் 12 காட்டிய மூன்றாவது ஒன்று, இரவில் செட்டின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கானது. நம் செட்டில் அதற்கு இடமில்லை. டேப் சுற்றி ஒதுக்கினோம்.

"ரெண்டுலயும் அதே பன்னெண்டு வோல்ட்தானே மாமா? மஞ்சளையும் சிவப்பையும் சேத்து முறுக்கிட்டா என்ன?"

நல்ல கேள்வி. அவசரக்காரர்கள் செய்வதும் அதைத்தான். மஞ்சள் செட்டின் ஞாபகத்துக்கு. கடிகாரம், பிடித்து வைத்த நிலையங்கள் எல்லாம் அதில்தான் உயிரோடு இருக்கும். நிறைய செட்டுகளில் பாட்டுக்கான முழு மின்சாரமும் அதே ஒயரில்தான் வருகிறது. சிவப்பு வெறும் ஸ்விட்ச், 'எழுந்திரு' என்று சொல்வதற்கு மட்டும். இரண்டையும் சாவி மின்சாரத்தில் கட்டினால், ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் செட்டுக்கு எல்லாம் மறந்துபோகும். இரண்டையும் எப்போதும் இருக்கும் மின்சாரத்தில் கட்டினால் செட் தூங்கவே தூங்காது. கையால் அணைக்க மறந்து ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்து வந்தால், வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சில வெளிநாட்டு வண்டிகளின் கப்ளரில் இந்த இரண்டும் இடம் மாறியே இருக்கும். அதற்காகத்தான் பல செட்டுகளின் மஞ்சள், சிவப்பு ஒயர்களில் மட்டும் கழற்றி மாட்டும் இணைப்பு இருக்கிறது.

எர்த்தைப் பெயின்ட் இல்லாத இரும்பில், போல்ட்டுக்கு அடியில் கடிக்க வைக்க வேண்டும். அது தளர்ந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஒரு சத்தம் ஏறும்.

எட்டு ஸ்பீக்கர் ஒயர்களில் எது எந்தக் கதவுடையது? சுவர்க் கடிகாரத்திலிருந்து 1.5 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வரச் சொன்னேன். இரண்டிரண்டு ஒயராக அதன் முனைகளில் ஒரு கணம் தொட்டால், உரிய கதவில் 'டப்' என்று கேட்கும். வலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்பதும் தெரியும். வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ்ஸைத் தொட்ட ஒயர்தான் பிளஸ். இதைப் பார்க்காமல் ஒரு கதவில் மட்டும் மாற்றிக் கட்டிவிட்டால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் சத்தத்தில் பாதி காணாமல் போய்விடும். செட்டைக் குறை சொல்லிக் கடையில் சண்டை போடுகிறவர்களில் பலருக்கு நோய் இதுதான். இன்னொன்று: ஸ்பீக்கர் மைனஸை வண்டியின் பாடியோடு சேர்க்கக் கூடாது. இந்தக்கால செட்டில் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரையுமே ஆம்ப்ளிஃபயர் ஓட்டுகிறது. பாடியில் பட்டால் உள்ளே இருக்கும் ஐசி போய்விடும்.

மறுபடி பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு ஒயர்களைச் சேர்த்தோம். முறுக்கி டேப் சுற்றினால் நம் ஊர் வெயிலில் ஆறு மாதம். பசை உருகி, டேப் நழுவி, ஒயர் ஒன்றையொன்று தேடிப் போகும். ஈயம் வைத்து, சூடேற்றினால் சுருங்கும் ஸ்லீவ் மாட்டினோம். அந்த வெட்டிய கப்ளர் மட்டும் இருந்திருந்தால் வண்டிக்கேற்ற ஜோடிக் கப்ளரைக் கடையில் வாங்கி, வண்டி ஒயரைத் தொடாமலே காலையிலேயே முடித்திருக்கலாம். தகரக் கூண்டைப் பொந்தில் வைத்து, காதுகளை மடக்கி, செட்டைத் தள்ளினோம், 'க்ளிக்' என்றது.

பேட்டரி மைனஸை மாட்டிச் செட்டைப் போட்டால், பென் டிரைவை அது படிக்கவில்லை. 64 ஜிபி, எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தது. மலிவு செட்டுகள் பெரும்பாலும் ஃபேட் 32 மட்டுமே அறியும். சரி, எஃப்.எம் பார்ப்போம் என்றான். 93.5இல் சூரியன் வந்தது, 98.3இல் மிர்ச்சி வந்தது. ஆல் இந்தியா ரேடியோவின் 101.4 கரகரத்தது; 106.4இல் ஹலோவும் அப்படியே. ஆன்டெனாவில் கோளாறு என்று எழுந்தவனை உட்கார வைத்தேன். வந்த எண்களின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை, வராதவை இரட்டைப்படை. செட் அமெரிக்கப் படியில் நிற்கிறது. அங்கே நிலையங்களெல்லாம் 0.2 இடைவெளியில், ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான். மெனுவுக்குள் போய் ஏரியா என்ற இடத்தில் யூஎஸ்ஏவை யூரோப் என்று மாற்றினான். 106.4 வைத்தான். கரகரப்பு நின்று, ஒரு நகைக்கடை விளம்பரம் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.