கிராமத்து ஆலயமும் மத்திய அரசும்: யப்பானின் ஆலய இணைப்புப் பற்றிய ஒரு குறிப்பு

ஷின்டோவைப் பேரரசரை முதன்மைப்படுத்தும் அரச சமயமாகவே நம்மிற் பலர் அறிந்துள்ளனர். 1868இல் தோன்றிய மெய்ஜி அரசு அதனைத் தன் தேசியக் கருத்தியலின் கருவியாக்கியமையே இதற்குக் காரணமாகும். கிராமத்து ஆலயமோ அக்கருத்தியலுக்கு மிக முற்பட்டது. அதன் எல்லைக்குள் வாழும் குடும்பத்தினர் 'உஜிக்கோ' எனப்பட்டனர். பிறந்து ஏறத்தாழ ஒரு மாதமான குழந்தை அங்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஊரவருள் ஒருவராக ஏற்கப்பட்டது. நல்விளைவு வேண்டி வசந்தத்திலும், அறுவடைக்கு நன்றி கூறி இலையுதிர் காலத்திலும் விழா எடுக்கப்பட்டது. கின்கிப் பிரதேசத்து 'மியசா' அமைப்பிற் பூசைப் பொறுப்புக் குடும்பங்களிடையே முறைவைத்துச் சுழன்றது. (பழங்குடும்பங்களே அவ்வுரிமையை வைத்திருந்த ஊர்களும் பல. கிராமியச் சமத்துவம் பற்றிய மயக்கம் வேண்டியதில்லை.)

1889இல் ஏறத்தாழ 71,000 சிற்றூர்கள் 16,000 அளவிலான நிருவாக அலகுகளாக ஒன்றிணைக்கப்பட்டன. மக்களின் பற்று, புதிய அலகிலன்றிப் பழைய சிற்றூரின் தெய்வத்திலேயே நிலைத்திருந்தது. 1906இல் உள்நாட்டு அமைச்சு தீவிரப்படுத்திய ஆலய இணைப்பை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். ஓர் அலகுக்கு ஓர் ஆலயம் என்பதே அதன் இலக்கு. ஆலயத்தின் மாண்பைக் காத்தல் என்பது கூறப்பட்ட நியாயம். போதிய மூலதனம் இல்லாத ஆலயங்கள் மூடப்பட்டன. அவற்றின் சோலைகள் மரத்துக்காக விற்கப்பட்டன. சில ஆண்டுகளுள் ஏறத்தாழ 1,90,000 ஆலயங்கள் 1,20,000 அளவாகக் குறைந்தன. மியே மாகாணத்தில் அழிந்தவை பத்தில் ஒன்பது பங்கு எனலாம்.

இதனை முன்னின்று எதிர்த்தவர் வகயாமா மாகாணத்துத் தனபேயில் வாழ்ந்த இயற்கையியலாளர் மினகத்தா குமகுசு (1867-1941). 1910இல் அதிகாரிகள் கூடிய கூட்டமொன்றினுள் புகுந்து கலகம் விளைத்தமைக்காக அவர் பதினெட்டு நாள் தடுத்து வைக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் எழுதிய கடிதங்களை நாட்டாரியலறிஞர் யனகித்தா குனியோ அச்சிட்டுப் பரப்பினார். ஆலயம் தொலைவிற் சென்றால் முதியோரும் சிறுவரும் வழிபாட்டை இழப்பர், ஊரொற்றுமை குலையும், விழாவைச் சார்ந்த சிறுவணிகம் நலியும், சோலை அழிந்தாற் பறவைகள் நீங்கிப் பயிர்ப் பூச்சிகள் பெருகும் என்பன அவர் வாதங்களுட் சில. சூழலியல் என்னும் கருத்தை யப்பானிற் பொதுவிவாதத்துக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். பக்தியையும் உயிரியலையும் கிராமப் பொருளாதாரத்தையும் அவர் ஒரே பிரச்சினையாகவே கண்டார் என்பது மனங்கொள்ளற்பாலது.

1920இல் பிரபுக்கள் சபை இணைப்புக்கு எதிராகத் தீர்மானித்தது. அதற்குள் பல்லாயிரம் ஆலயங்கள் மறைந்துவிட்டன. 1945 டிசம்பரில் நேசநாட்டு ஆணை ஆலயங்களை அரசிலிருந்து பிரித்தபின், சில ஊரவர் தம் தெய்வத்தைப் பழைய இடத்துக்கே மீட்டுவந்தனர். குமனோ யாத்திரைப் பாதையிலுள்ள நொனக்கா ஆலயத்தில், வெட்டுக்குத் தப்பிய சில பெரும் ஊசியிலை மரங்கள் இன்றும் நிற்கின்றன.